மூன்று பெட்டிக் கட்டடம்

எங்கள் குப்பத்துக்கு ரயில் வந்ததில்லை. இன்றைக்கும் வரவில்லை. ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் படகில் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போய், பஸ் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்; நாம் போய்ச் சேர்வதற்குள் அது போயிருக்கும். ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இஞ்சின், பின்னால் நான்கு பெட்டிகள். சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போகும், யாரையும் ஏற்றாது.

அதை ஓட்டியவர் சித்தப்பா, நைனாவின் தம்பி. பெரம்பூரில் ரயில்வே கலாசியாக இருந்தவர். பெட்டியோடு பெட்டியை மாட்டும்போது நடுவில் இடது கை சிக்கி நசுங்கியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சமாக ஊருக்குத் திரும்பினார். பிள்ளைகள் அவரை நண்டுக்கை என்று கூப்பிட்டார்கள். அவரும் அந்த இரண்டு விரலால் அவர்கள் காதைப் பிடித்துத் திருகி, "நண்டு புடிச்சா வுடாதுடா டேய்" என்பார். கல்யாணம் இல்லை. கொட்டகையில் தனியாக இருந்தார். அம்மா தட்டில் சோறு போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள். நான் போனால் சோறு ஆறிப்போகும் வரை ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ரயில் வந்த கதை சின்னதுதான். பெரம்பூரில் அவர்மேல் பிரியமாக இருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி இது எதற்கு என்று ஒரு தகரப்பெட்டி நிறையத் தண்டவாளம், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி, இஞ்சின், அதோடு பிரிக்காத மூன்று அட்டைப்பெட்டிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அட்டைப்பெட்டிகளில் ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. மேலே வண்ணப்படம் போட்டிருக்கும்: ஒன்றில் மாவு மில், ஒன்றில் இஞ்சின் ஷெட், மூன்றாவதில் பீர் காய்ச்சும் தொழிற்சாலை. எங்கள் ஊரில் இந்த மூன்றுக்கும் வேலை இல்லாததால் அவை பரணிலேயே கிடந்தன.

மற்றதையெல்லாம் சித்தப்பா தானே செய்தார். பழைய கதவு ஒன்றை இரண்டு ஐஸ் பெட்டிகளின்மேல் படுக்கப் போட்டு, அதில் எங்கள் குப்பத்தையே எழுப்பினார். கரையில் நிஜ மணல், பசை தடவித் தூவியது. கலங்கரை விளக்கம் ஒரு சாக்பீஸ். படகுகள் வேப்பங்குச்சி. ஏரி மட்டும் பிளாஸ்டர். நீலமும் சாம்பலும் கலந்து பூசி, மேலே மூன்று கோட் வார்னிஷ். கதவு அசைந்தால் தண்ணீர் அசைந்ததுபோல வெளிச்சம் நெளியும். ஒரு கையாலும் இரண்டு விரலாலும் பல்லாலும் செய்த ஊர் அது. எங்கள் வீட்டுக் கூரையில் அம்மா காயப்போட்ட புடவைகூட இருந்தது. சிகரெட் அட்டைக்குள் இருக்கும் பளபளத் தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்.

ஏரியில் பதினான்கு ஈர்க்குச்சிகள் நட்டிருந்தன. இவற்றைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஏரி வெறும் தண்ணீர். எங்களுக்கு அது பங்கு போட்ட வீடு. இறால் வரும் நீரோட்டத்தில் கழி நட்டு வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்துக்குப் பதினான்கு பாடு. எந்தக் குடும்பம் எந்தப் பாட்டில் என்றைக்கு வலை கட்டலாம் என்பதைக் கோயிலில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். சீட்டில் பெயர் இருக்கிற வீட்டுக்குச் சோறு உண்டு. அடுத்தவன் பாட்டுக் கழியைப் பிடுங்கினாலோ நகர்த்தினாலோ, பிடுங்கியவன் வீட்டுப் பெயர் சீட்டிலிருந்து போய்விடும். பெரியவர் செய்தாரா, குழந்தை செய்ததா, குடித்துவிட்டுச் செய்ததா என்று கேட்க மாட்டார்கள்.

சித்தப்பாவின் பெயர் சீட்டில் இல்லை. ரயில்வே வேலைக்குப் போனதும் எடுத்துவிட்டார்கள், அதுதான் வழக்கம். திரும்பி வந்து கேட்டபோது ஊர்த் தலைவர், "வலை இழுக்க ரெண்டு கை வோணும்பா. நீ இன்னா, ஒன்றரைய வெச்சிக்கினு வந்து நிக்கிற" என்று தமாஷாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பாவும் சிரித்துவிட்டு வந்து அந்தப் பதினான்கு குச்சியையும் நட்டார். நட்டது குத்துமதிப்பாக இல்லை. படகில் போய், கலங்கரை விளக்கமும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தையும், ஒற்றைப் பனையும் எதிர்க்கரை மாதா கோயில் சிலுவையும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தையும் கண்டுபிடித்து, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியைக் கதவுக்குக் கொண்டுவந்து நட்டார். ஒருமுறை பக்கத்துப் பக்கத்துப் பாடுகளில் வலை கட்டும் இரண்டு பேர் எல்லைக்காகக் கத்தி வரை போனபோது, தலைவரே அவர்களைக் கொட்டகைக்கு இழுத்துவந்து, "தோ பாரு, ரயிலுக்காரன் குச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி" என்றார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சண்டை அடங்கிவிட்டது. வலை கட்ட உரிமையில்லாத மனிதன், வலை கட்டுகிறவர்களுக்கெல்லாம் சாட்சியாகிவிட்டான். எங்கள் ஊர் ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுக்கும். ஆனால் அதே சாமானைக் கொடுக்காது.

பிறகு கம்பெனி வந்தது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நிலக்கரி இறக்கப்போகிறார்கள் என்றார்கள். இல்லை, உப்பு என்றார்கள். கப்பல் வரும், ரயில் வரும், வீட்டுக்கு ஒரு வேலை வரும் என்றார்கள். பையில் பேனா குத்திய ஆபீசர் ஒருவர் இரண்டு மூன்று தடவை படகில் வந்து போனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். அதனாலேயே அம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. கடைசித் தடவை தலைவர் அவரைக் கொட்டகைக்கு அழைத்துவந்தார். ஆபீசர் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். குச்சிகள் என்ன என்று கேட்டார். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க பாடு சார். இவன் குச்சி வெச்சா வெச்சதுதான். எங்களுக்குள்ள தகராறுன்னா இங்க வந்து பாத்துத்தான் தீத்துக்குவோம்."

ஆபீசர் இன்னொரு தடவை கதவைச் சுற்றி வந்தார். பிறகு, கம்பெனிக் கட்டடத்தையும் இதில் செய்து வைத்துக் காட்டினால் ஊருக்கு நன்றாகப் புரியுமே, செய்ய முடியுமா என்று சித்தப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். எங்கே வைப்பது என்றார் சித்தப்பா. தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் திட்டைக் காட்டினார் ஆபீசர். அங்கே பாடு இல்லை, வீடு இல்லை, சுடுகாடுகூட இல்லை. எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் நைனா கொட்டகை வாசலில் நின்று கத்தினார். அவர் கத்தினால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து போகும்.

"அவன் கூப்டா நீ போயிடுவியா? ஊரே வாணாம்னு நிக்குது. நீ அவனுக்கு பொம்மை செஞ்சி குடுக்கிறியா?"

"ஊரு எங்கண்ணே வாணாம்னு நிக்குது? பாதி பேரு வேலை கெடைக்கும்னு வாயப் பொளந்துக்கினு கீறான். எவ்ளோ பெருசுன்னு எவனுக்கும் தெரில. காயிதத்துல கீற அளவ அப்டியே செஞ்சி வெக்கிறேன். கோபுரம் அதுக்கு முட்டி வரைக்கும்தான் வரும். கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு வாணாம்னு சொல்லட்டும்."

"நீ பாக்க வெப்ப. அவன் இன்னாத்த பாக்க வெப்பானோ" என்று சொல்லிவிட்டு நைனா போய்விட்டார். நான் சோற்றுத் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பரணிலிருந்து பெட்டிகள் இறங்கப்போகின்றன.

இறங்கின. பத்து நாள் எனக்குப் பள்ளிக்கூடம் மனதில் நிற்கவில்லை. அட்டையில் போட்டிருந்த படத்தைச் சித்தப்பா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி ஒட்ட வேண்டும் என்று நம்பர் போட்டிருந்த தாளைச் சுருட்டி எறிந்தார். மூன்று பெட்டித் துண்டுகளையும் பாயில் கொட்டி, மீன் பிரிக்கிற மாதிரி பிரித்தார்: செங்கல் சுவரெல்லாம் ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம். ரம்பத்துண்டால் அறுத்தார். மாவு மில்லின் இரண்டு சுவரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். ஒட்டுத் தெரிகிற இடத்தில் தீர்ந்துபோன பேனா ரீஃபில்லைக் குழாய் மாதிரி இறக்கி மறைத்தார். பீர் தொழிற்சாலையின் பெரிய கதவைப் படுக்கவைத்து ஜன்னலாக்கினார். கூரைக்குத் தகடு போதவில்லை. பற்பசை டியூபைக் கீறி விரித்து, சீப்பின் மேல் வைத்து நகத்தால் அழுத்தினால் அலை அலையாக வந்தது. புகைபோக்கிகள் ஸ்கெட்ச் பேனா. நிலக்கரி ஏற்றும் சாய்வுப் பட்டை, அம்மாவின் பழைய கைப்பையிலிருந்து பிடுங்கிய ஜிப்பு. அம்மா தேடியபோது நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாராயக்கார வூட்டு கதவு, மில்லுக்கார வூட்டு சொவரு, ரயிலுக்கார வூட்டு கூரை. மூணு வூட்டு மருமவளுங்க ஒரே அடுப்புல பொங்குறாளுங்க பாப்பா. எப்ப இடியப்போவுதோ" என்றார் சித்தப்பா.

இடியவில்லை. எட்டாம் நாள் அது எழுந்து நின்றது. மூன்று பெட்டிக்குச் சொந்தமானது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கேயோ நிஜமாக நின்றுகொண்டிருப்பதைக் குறுக்கிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. அடுப்புக்கரித் தூளைத் துணியில் தொட்டுச் சுவரெல்லாம் தேய்த்தார். செங்கல் பொடியை டிக்காஷனில் குழைத்துக் கூரையில் துரு ஏற்றினார். அழகாகச் செய்துவிட்டு ஏன் அழுக்காக்குகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கோயில் கோபுரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சொன்னமாதிரியே முட்டி வரைக்கும்தான் வந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கைதட்டினேன்.

ஒரே ஒரு குறை. ரயில் உள்ளே போகவில்லை. சவுக்குத் தோப்புப் பக்கம் கிளைத் தண்டவாளம் போட வேண்டுமென்றால் கதவின் ஓரத்தில் சட்டென்று வளைக்க வேண்டும். வளைவுத் துண்டு போதாமல் ஒடித்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கட்டட வாசலுக்கு ஒரு விரல்கடை முன்னால் இஞ்சின் தடம்புரண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. சித்தப்பா நான்கைந்து தடவை பார்த்துவிட்டு, "வெளிலயே நிக்கட்டும் வுடு. கட்டடத்தைப் பாக்கத்தான் வராங்க, ரயிலு பாக்கவா" என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. ரயில் உள்ளே போகாத தொழிற்சாலை, கதவு திறக்காத வீடு மாதிரி எனக்கு நெஞ்சில் உறுத்தியது. ஊரே பார்க்க வரும். ஊர் முன்னால் இஞ்சின் குப்புற விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அன்று உலகத்தில் வேறு துக்கமே இல்லை.

ஊர்க்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் பக்கத்தில் வலை வைக்கும் ஓலைக்கொட்டகையில். காலையிலேயே நான்கு பேர் கதவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து, தூசு படாமல் போர்வையால் மூடிவிட்டார்கள். கோயிலிலிருந்து கரண்டு இழுக்க ஒயர் பற்றவில்லை என்று சித்தப்பா பழவேற்காட்டுக்குப் படகேறினார். "யாரையும் தொட வுடாத" என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை. நான் தொட்டேன்.

போர்வைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கிளை பிரிகிற இடத்தில் தண்டவாளத்தை வளைக்காமல் நேராக விட்டால், ஏரியின் மேலாகப் போய் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்மேட்டில் முட்டும். தகரப்பெட்டியில் மூன்று நேர்த்துண்டு மிச்சமிருந்தது. எடுத்துப் பூட்டினேன். கச்சிதமாகச் சேர்ந்தது. கட்டடத்தைச் சவுக்குத் தோப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் வைத்தேன். உட்காரவில்லை, மேட்டை ஒட்டி ஓட்டத்தில் நட்டிருந்த ஆறு ஈர்க்குச்சிகள் தடுத்தன. ஊரில் இறால் அதிகம் படுகிற ஆறு பாடுகள் அவைதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். எது யாருடையது என்றுகூடச் சொல்வேன். ஆனால் குச்சியைத் தூக்கி எறியவா போகிறேன்? ஆறையும் உருவி எடுத்து, வடக்கே சேற்றுப் பக்கம் காலியாகக் கிடந்த ஏரியில் என் தலை ஹேர்ப்பின்னால் ஓட்டை போட்டு, வரிசையாக நட்டேன். எண்ணிப் பார்த்தேன். பதினான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. பழைய ஓட்டைகளைக் கட்டடம் மறைத்துக்கொண்டது. இஞ்சினைக் கையால் தள்ளிப் பார்த்தேன். கட்டடத்தின் வாசல் வழியாக, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், இருட்டுக்குள் போய் நின்றது. அந்தச் சந்தோஷத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அதற்காக அதை நான் மன்னிக்கவும் இல்லை.

சித்தப்பா ஒயரோடு வந்தபோது கொட்டகை நிரம்பிவிட்டது. ஆபீசரும் வந்துவிட்டார், கூடக் கேமராக்காரர் ஒருவர். சித்தப்பா போர்வையின் ஓரத்தை மட்டும் தூக்கிக் கரண்டு கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். தலைவர் போர்வையை இழுத்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பொம்மையைப் பார்க்கக் குனிகிற பெரியவர்களின் முகத்தில் முதலில் ஒரு குழந்தைத்தனம் வரும், வந்தது. நான் ஓடிப்போய்க் கறுப்புப் பெட்டியைத் திருகினேன். ரயில் கரையோரமாக வந்து, பிரிந்து, தண்ணீர்மேல் நேராக ஓடி, கட்டடத்துக்குள் நுழைந்தது. யாரும் கைதட்டவில்லை.

"இன்னாபா இது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "மேட்டு மேல கீது?"

"எம் பாடு எங்க? நேத்து வரிக்கும் இங்கதான இருந்துச்சு?"

"உம் பாடா? சேத்துல கீது பாரு. வாத்து மேய்க்கப் போ."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். ஆபீசரும் முதலில் திகைத்துத்தான் போனார். சவுக்குத் தோப்பைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பிறத்தியார் தானாகக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

"மேட்டில் வைத்தால் கப்பலுக்கும் வசதிதான். அங்கே உங்கள் பாடு இருக்குமோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இதைப் பார்த்தால் இல்லை என்று தெரிகிறது. நீங்கள்தானே சொன்னீர்கள் தலைவரே, இவர் குச்சி வைத்தால் வைத்ததுதான் என்று?"

தலைவர் இன்னும் கொஞ்சம் குனிந்து சேற்றுப் பக்கக் குச்சிகளைப் பார்த்தார். கேமரா நான்கு பக்கமும் சுற்றிவந்து மினுக்கியது. ஆபீசர் சித்தப்பாவின் பக்கம் திரும்பி, பிரமாதமான வேலை என்று சொல்லி, அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இரண்டு விரலை ஆபீசரின் கை பொத்திக்கொண்டதை ஊர் முழுக்கப் பார்த்தது. அதற்கும் ஒரு மினுக்கு. பிறகு, அலை ஏறுவதற்குள் போக வேண்டும் என்று அவர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

படகின் சத்தம் தேய்ந்தது. பிறகு தலைவர் கேட்டார்.

"யாரு வெச்சது இது?"

சித்தப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் ஹேர்ப்பின்னின் முனையில் பிளாஸ்டர் வெள்ளை ஒட்டியிருந்தது. முடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. நைனா கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவர் முகம் வெந்த மீன் மாதிரி வெளுத்திருந்தது. எனக்கு மட்டும் நெஞ்சு விம்மியது. இதோ, கேட்டுவிட்டார்கள். யார் செய்தது என்று ஊரே கேட்கிறது. தண்டவாளம் நேராக ஓடியது யாரால் என்று கேட்கிறது. நான் ஒரு காலை முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

நண்டுக்கை என் தோளைக் கவ்வியது. வலித்தது.

"நாந்தான் வெச்சேன்" என்றார் சித்தப்பா.

"நீயா?"

"நாந்தான். ஆபீசர் கேட்டாரு, வெச்சேன்."

"பொம்மையா இருந்தா இன்னா, குச்சி குச்சிதான்யா. அடுத்தவன் குச்சில கை வெச்சா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

"தெரியும். சீட்டுல பேர எடுப்பீங்க." சித்தப்பா தலைவரை நேராகப் பார்த்தார். "எடுங்க."

சில பேர் பல்லைக் கடித்தார்கள். ஒருவர் அவர்மேல் துப்பினார். இல்லாத பெயரை எடுக்க முடியாது என்பதால் தலைவர் வேறு தீர்ப்புச் சொன்னார்: இனி ரயிலுக்காரனோடு யாரும் பேசக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது. நைனா குனிந்த தலை நிமிரவில்லை. தம்பி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். ஏன் அவ்வளவு வேகம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதேன். சித்தப்பாவுக்காக அழவில்லை.

மேட்டின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் மூச்சு நீளுவதில்லை. பொன்னேரியில் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். அங்கே அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்களாம், ஊர்க்காரர்களே செய்த மாடல் இது என்று. போட்டோ இல்லாவிட்டால் வேறு எதையாவது மாட்டியிருப்பார்கள் என்று என் அண்ணன் சொல்வான். இருக்கலாம். பிறகு மேட்டில் கான்கிரீட் தூண்கள் இறக்கினார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை. அப்புறம் வேலை நின்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. கட்டடமும் வரவில்லை, ரயிலும் வரவில்லை, வீட்டுக்கு ஒரு வேலையும் வரவில்லை. தூண்கள் மட்டும் நிற்கின்றன. தண்ணீர் ஏறினால் மறையும், இறங்கினால் பல் மாதிரித் தெரியும். ஓட்டம் திரும்பிவிட்டதால் அந்தப் பக்கம் இறால் இல்லை. தெரியாமல் போகிற வலை கிழிந்து வரும். ஆறு பாடு போனதால் சீட்டு சுற்றி வர நாள் நீண்டது. பட்டினி என்ற வார்த்தையை அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தோம். ஆனாலும் எங்கள் பெயர் சீட்டில் இருந்தது. பாதி வயிறாவது இருந்தது.

சித்தப்பா பொன்னேரி ரயில்வே கேட் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்து, சில வருஷம் கழித்து அங்கேயே இறந்துபோனார். செய்தி வந்தபோது நைனா யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்து குளித்தார். அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமாகி, குழந்தையோடு வந்திருந்த ஒரு மத்தியானம், வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே நைனா கேட்காமலே பேசினார்.

"பாட்டுக் கழிய ஏன் சாச்சி நட்றோம் தெரியுமா? ஓட்டம் தள்ளும். அதுக்கு எதுத்தாப்ல சாச்சாதான் நிக்கும். உங்க சித்தப்பன் பொம்மைல வெச்ச குச்சிகூட ஒவ்வொண்ணும் ஓட்டம் பாத்து சாஞ்சிருக்கும். அன்னிக்கு சேத்துப் பக்கம் ஆறும் நெட்டுக்குத்தலா நின்னுச்சி. போர்வையத் தூக்குனதுமே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டேன். "தலைவருக்கு?"

"எல்லாருக்கும்தான். குச்சி நடத் தெரியாதவன் எவன் கீறான் இந்த ஊர்ல?"

"அப்ப ஏன் நைனா யாரும் ஒண்ணும்..."

"சொன்னா எம் பேரு போவும். உங்க மூணு பேருக்கும் இன்னாத்த துன்னக் குடுக்கறது? அவனே எடுத்துக்கினான். தலைவரும் உட்டுட்டாரு. ஊரும் உட்டுடுச்சி." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நானும் உட்டுட்டேன்."

இது எல்லாம் எனக்குத் தெரிய வந்தது பதினைந்து வருஷம் கழித்து. அன்றைக்கு, கூட்டம் நடந்த மறுநாள் காலையில், நான் அறிந்திருந்தது ஒன்றே ஒன்று: சித்தப்பா என் வேலையைத் திருடிவிட்டார். வளைவில் விழுந்துகொண்டிருந்த ரயிலை நேராக ஓட்டியவள் நான். அவருக்கு வராதது எனக்கு வந்தது. ஊரே கூடிக் கேட்டபோது, என் தோளைக் கிள்ளி என்னை அடக்கிவிட்டு, நாந்தான் நாந்தான் என்று இரண்டு தடவை சொன்னார். ஆபீசர் கை குலுக்கியதும் அவரைத்தான். பத்து வயதில் நான் அறிந்த அநியாயங்களில் அதுவே பெரியது.

படகில் யாரும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அவர் ஏரியை நடந்தே தாண்டப்போகிறார் என்று அம்மா சொன்னாள். தண்ணீர் வடிந்த நேரம் பார்த்துப் போனால் ஆழமான இடத்தில் மார்பளவுதான் இருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணிமூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நைனா உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரும் பேசக் கூடாது என்பது தீர்ப்பு; சித்தப்பாவும் பேசவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. ஒரு குழந்தை பேசினால் அதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்று நினைத்தாரோ என்னவோ.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீர் களகளக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒருதரம் மட்டும் எட்டிப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், மூட்டையை அந்த இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். பொய் சொன்ன வெட்கத்தில்தான் அவர் ஊரைவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.